திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் ஓடை வாசிப்பான் தெரிவு: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

ஓடை என்பது, ஓர் இணையத்தளமோ வலைப்பதிவோ தன்னிடம் புதிதாக வெளியானவற்றின் தலைப்பையும் சுருக்கத்தையும் இயந்திரம் படிக்கத்தக்க பட்டியலாக எழுதிவைக்கும் கோப்பு. அத்தகைய பல ஓடைகளைத் திரட்டி ஒரே திரையில் காட்டும் மென்பொருள் ஓடை வாசிப்பான் எனப்படும். பட்டியல் தானாக வாசகரைத் தேடி வருவதில்லை. மூதூர்ப் படகு வந்துவிட்டதா என்று மணிக்கொரு தடவை இறங்குதுறைக்கு நடந்து போய்வருபவரின் தொழிலையே வாசிப்பான் செய்கிறது. புதிதாக ஒன்றும் இல்லாதபோது சேவையகம் 304 என்னும் எண்ணைத் திருப்பி அனுப்பும். "மாற்றமில்லை, போய் வருக" என்பது அதன் பொருள்.

ஓடைகளின் வரலாறு பிணக்குகளால் ஆனது. ஆர்எஸ்எஸ் வடிவம் 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது; 2000இல் வந்த 1.0 பதிப்பும் 2002இல் வந்த 2.0 பதிப்பும் ஒரே பெயரைச் சுமந்தபோதிலும், பின்னது முன்னதிலிருந்து வளர்ந்ததன்று. இதில் சலிப்புற்றோர் ஆட்டம் என்னும் மூன்றாம் வடிவத்தை வகுக்க, அது 2005 டிசெம்பரில் ஆர்எஃப்சி 4287 என்னும் ஆவணமாக நிலைபெற்றது. வாசிப்பான்கள் இம்மூன்றையும் வேறுபாடின்றி விழுங்கிவிடுவதால் இவ்வாராய்ச்சி வாசகருக்கு எவ்வகையிலும் பயன்படாது. ஆகவேதான் இது அறிஞர்களுக்கு உரியதாயிற்று.

வாசிப்பான் மூவகைப்படும். கணினியில் நிறுவப்படுவது முதல் வகை. தண்டர்பேர்ட் அதற்குச் சான்று. ஃபீட்லி, இனோரீடர் முதலியன பிறர் சேவையகத்தில் கணக்கு வைத்துக்கொள்ளும் இரண்டாம் வகையின. ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃப்ளக்ஸ் ஆகியன வாசகரே தம் சேவையகத்தில் நிறுவிக்கொள்ளும் மூன்றாம் வகையின. மூன்றாம் வகையை உப்புவெளியில் தம் வீட்டிலேயே வைத்திருப்பவர், மின்வெட்டின்போது உலகச் செய்திகளையும் மின்விசிறியையும் ஒருங்கே இழப்பார். பாமினி எழுத்துருவில் அமைந்த பழைய ஈழத்துத் தளங்களோவெனின் எவ்வகை வாசிப்பானிலும் ஆங்கில எழுத்துகளின் சிதறலாகவே தோன்றும். அவற்றுக்கு மூன்று வகையும் ஒன்றே.

வாசிப்பானைத் தெரிவு செய்வதற்குரிய இலக்கணங்களுள் நெகிழ்வு என்பது இங்கு விளக்கம் வேண்டுவது. காசி ஆறுமுகம் 2004இல் தொடக்கிய தமிழ்மணம் போன்ற வலைப்பதிவுத் திரட்டிகளில் எல்லோர்க்கும் ஒரே வரிசை வாய்த்தது. வாசிப்பானிலோ வரிசையை வகுப்பவர் வாசகரே. ஆயினும் 2005இல் தோன்றிய கூகுள் ரீடர் 2013 யூலை 1இல் மூடப்பட்டபோது, தம் சந்தாப் பட்டியலை ஓபிஎம்எல் என்னும் கோப்பாக இறக்கிக்கொண்டவர்கள் சேதமின்றி வேறு வாசிப்பானுக்குக் குடிபெயர்ந்தனர். எனவே, வெளியேறும் வழியை முதலில் காட்டும் வாசிப்பானே நெகிழ்வானது என்பது துணிபு. ஏனைய இலக்கணங்கள் நிறத்தைப் பற்றியன.

இனி, முன்னோர் புறக்கணித்த மையப் பொருளாகிய "அனைத்தையும் வாசித்ததாகக் குறி" என்னும் பொத்தான் ஆராயப்படும். வாசிக்கப்படாதவற்றின் எண்ணிக்கையை ஒரே தொடுகையில் பூச்சியமாக்கும் இதனை எப்போது அழுத்துவது என்பதில் இரு மரபுகள் உள. உட்துறைமுக மரபினர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும்வரை அழுத்தார். ஆழமான துறைமுகத்தின் அருகில் வாழ்வோர் தேங்கியதைக் கண்டு அஞ்சலாகாது என்பது அவர்தம் நியாயம். நிலாவெளி மரபினர் காலைத் தேநீருக்கு முன்பே அழுத்திவிட்டுக் கடலைப் பார்ப்பர். அழுத்துமுன் ஒரு தடவையேனும் கீழ்வரை உருட்டிப் பார்த்தல் வேண்டும் என்பது பழைய உரையொன்றின் கூற்று. உருட்டும்போது கண்ணை மூடியிருத்தலும் அமையும் என்பது அதே உரையின் கறையான் எஞ்சவைத்த ஏட்டில் உள்ளது. இவ்விரண்டையும் மறுத்து, அழுத்த எண்ணிய கணத்திலேயே வாசிப்பு நிறைவுற்றதெனக் கொள்ளும் கருத்தோ, இன்னும் எழுதப்படாத நூலொன்றின் தொலைந்துபோன இரண்டாம் பதிப்புக்கு வரைந்த முன்னுரையைக் கண்டித்து வெளிவராத இதழில் வந்த மறுப்புரையின் பதினேழாம் அடிக்குறிப்பில், நட்சத்திரக் குறியிட்டுக் காணப்படுகிறது. அக்குறி எதனைச் சுட்டுகிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

இப்பொத்தானை மென்பொருளாளர் கண்டுபிடித்தனர் என்பது தவறான வழக்கு. உசாத்துணைப் பட்டியலில் நூற்றெண்பது நூல்களை அடுக்கி, அவற்றுள் நான்கினைத் திறந்து, ஒன்றினது அட்டையை மட்டும் பாராட்டும் பேராசிரியப் பெருமக்கள் இதனைக் கணினிக்கு முன்பே கைவரப்பெற்றிருந்தனர். மென்பொருளாளர் செய்தது அதற்கு ஒரு சதுர வடிவம் கொடுத்ததே.

தெரிவு செய்த வாசிப்பானில் எத்தளங்களைச் சேர்ப்பது, சேர்த்தவற்றை வாசிப்பதா என்னும் வினாக்கள் இவ்வாராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.