லயத்துக் கானில் கயாக்: நீர்வழி நகரியலுக்கு வட்டவளையின் பங்களிப்பு

நகரங்களைத் தண்ணீர் வழியே சுற்றிப் பார்ப்பது பற்றி எழுதியவர்கள் வெனிஸைச் சொல்வார்கள், சிகாகோவைச் சொல்வார்கள், கோபன்ஹேகனைச் சொல்லாமல் விடமாட்டார்கள். முன்னால் வழிகாட்டி ஒருவர் துடுப்புப் போட, பின்னால் ஏழெட்டுக் கயாக்குகள் வரிசையாகப் போக, பாலத்தடியில் நின்று வரலாறு கேட்டுவிட்டுத் திரும்புவது அந்த ஊர்களில் ஒரு பிற்பகல் வேலை. இந்த எழுத்துகள் எதிலும் வட்டவளை பற்றி ஒரு வரி என் கண்ணில் படவில்லை. இலங்கையில் ஆகக்கூடிய மழை பெறும் இடங்களில் ஒன்றை அறிஞர் உலகம் கவனிக்காமல் விட்டது தற்செயலா, சதியா என்பதை இங்கே ஆராயப் போவதில்லை. இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். (வட்டவளையில் எந்த இடைவெளியையும் வைகாசி பிறந்தால் மழையே நிரப்பிவிடும் என்பது வேறு.)

முதலில் வரைவிலக்கணம். கயாக் என்பது வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்கள் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலை இழுத்துத் தைத்துச் செய்த ஒடுங்கிய கலம். கால்களை முன்னால் நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் அலகுள்ள துடுப்பால் ஓட்டுவது. ஒரு முனையில் மட்டும் அலகு இருந்தால் அது கனூ. இரண்டையும் குழப்புகிறவர்களோடு இத்துறையில் யாரும் தேத்தண்ணி குடிப்பதில்லை. 1865 இல் ஜோன் மக்கிரெகர் என்ற பிரித்தானிய வழக்கறிஞர் 'ரொப் ரோய்' என்று பெயரிட்ட கலமொன்றில், இரட்டை அலகுத் துடுப்போடு, ஐரோப்பாவின் ஆறுகளையும் ஏரிகளையும் சுற்றினார். அடுத்த ஆண்டே புத்தகமும் போட்டார். சாப்பாட்டுக்காகத் தண்ணீரில் இறங்கியவர்களின் கலம், சாப்பிட்டு முடித்தவர்களின் கலமானது அந்தக் காலத்தில்தான். அதே ஆண்டுகளில் தோட்ட வேலைக்காகத் தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துகொண்டிருந்த நம்மவர்கள், அந்தத் தோணிப் பயணத்தை உல்லாசப் பயணமாகக் கருதியதற்குச் சான்று ஏதும் கிடைக்கவில்லை.

அடுத்தது, நகரத்தின் நீர்ச்சுட்டெண். லண்டனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழை. சென்னையில் 1400. கொழும்பில் 2400 சொச்சம். வட்டவளையில் 5000 ஐத் தாண்டும். வெனிஸ் தண்ணீரின்மேல் நிற்கிறது. வட்டவளையின்மேல் தண்ணீர் நிற்கிறது. எது உயர்ந்த நிலை என்பதை வாசகர் தீர்மானிக்கலாம். வட்டவளை ஒரு நகரமா என்று சிலர் குறுக்கே விழுவார்கள். ரயில் நிலையம் உண்டு, கடைத்தெரு உண்டு, அவிசாவளையிலிருந்து அட்டன் வழியே நுவரெலியாவுக்குப் போகும் ஏ7 வீதி நடுவே ஓடுகிறது. தோட்டத்திலிருந்து குடையை எடுத்துக்கொண்டு புறப்படுகிற எவரும் "டவுனுக்குப் போயிட்டு வாறேன்" என்றுதான் சொல்கிறார். புறப்படுகிறவரின் நம்பிக்கையே ஒரு நகரத்தை உண்டாக்குகிறது என்பது என் கோட்பாடு.

நீர்வழிகளுக்கு வருவோம். வெனிஸ் கால்வாய்களை வியந்து எழுதியவர்கள் தேயிலை மலையின் கான்களைப் பார்த்ததில்லை. மலையின் இடுப்பைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சாய்வில், குறுக்காக வெட்டிக்கொண்டு போவது கான். மேலே விழும் மழை வேர்மண்ணை அள்ளிக்கொண்டு நேரே கீழே பாயாமல், பக்கவாட்டில் மெதுவாக நடந்து போய் ஓடையில் சேரவேண்டும். அடித்து வந்த மண் இடையிடையே உள்ள குழிகளில் தங்கவேண்டும். கான் வெட்டுவது ஆண்களுக்கு விதித்த வேலை. இத்தனை அடி வெட்டினால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர் என்று கணக்குண்டு. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். மழை ஓயாத மலையில் மண்வெட்டியால், தலைமுறை தலைமுறையாக, மட்டம் பார்த்து வெட்டிய இந்த வலைப்பின்னலில் இன்றுவரை ஒரு கயாக்கும் ஓடியதில்லை. அகலம் போதாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மட்டமாகப் போகும் கான் முடிகிற இடத்தில் மலை மட்டமாக இல்லை.

சாய்வு பற்றி ரயில்வேக்காரர்களைத்தான் கேட்கவேண்டும். பாதை நாவலப்பிட்டிக்கு வந்தது 1874 இல். அங்கிருந்து அட்டனுக்கு ஏற 1884 ஆகிவிட்டது. 44 அடி போனால் 1 அடி ஏறும் பாதை அது. நாவலப்பிட்டி 600 மீட்டருக்குச் சற்றுக் கீழே. வட்டவளை ஏறத்தாழ 1000 மீட்டரில். இந்த வித்தியாசத்தைத் தண்ணீர் ரயிலைப் போல வளைந்து வளைந்து இறங்குவதில்லை. ஆற்று வேகத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கும் சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது. 6 என்றால் உயிருக்கு உத்தரவாதமில்லை. வட்டவளைக்காக 7 ஆம் தரம் ஒன்றை முன்மொழிகிறேன்: தண்ணீரோடு மலையும் கூட வருவது. இது கற்பனையல்ல. 1992 இல் இங்கே மலைச்சரிவு நகர்ந்து ரயில் பாதையையும் சேர்த்துக் கொண்டுபோனது. பிறகு பொறியியலாளர்கள் மலைக்குள் ஆழமாக நீண்ட துளைகள் இட்டு, உள்ளே தேங்கிய தண்ணீரை வடியவிட்டே அதை அடக்கினார்கள். அதாவது எங்கள் ஊருக்கு நிலத்தடிக் கால்வாயும் உண்டு. வெனிஸிடம் இது இருக்கிறதா என்று விசாரிக்கவேண்டும்.

கலத்தை எங்கே வைப்பது என்ற கேள்வியை மேலைநாட்டு ஆய்வாளர்கள் எழுப்பியதே இல்லை. எங்களுக்கு அதுதான் முதற்கேள்வி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயக் காம்பராவின் மரபான அளவு 10 அடிக்கு 12 அடி. நீண்ட பயணக் கயாக் ஒன்று 16 அடி வரும். நேராக வைத்தால் 4 அடி வெளியே. மூலைக்கு மூலை வைக்கலாமே என்பவர்களுக்குப் பைதகரசு பதில் சொல்கிறார்: 10 இன் வர்க்கம் 100, 12 இன் வர்க்கம் 144, கூட்டினால் 244, வர்க்கமூலம் 15.6 அடி. ஐந்து அங்குலத்தால் தோற்றோம். ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையைக் கூரைத் தகரத்தடியிலும் சாய்த்தால் கயாக் உள்ளே வரும். குடும்பம் வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்குப் போகவேண்டும். இஸ்தோப்பில் ஏற்கெனவே ஆட்டுக்குட்டியும் விறகும் இருக்கின்றன. ஒரு ஆறு பேர் குடும்பம் இந்த 120 சதுர அடிக்குள் மூன்று தலைமுறை நடத்திய இடமேலாண்மையைப் பற்றி எந்தப் பல்கலைக்கழகமாவது ஆய்வுப்பட்டம் கொடுத்தால், கயாக் பிரச்சினைக்கும் அதிலேயே விடை கிடைக்கும்.

உபகரணங்களில்தான் இந்த ஆய்வு எதிர்பாராத ஒரு கண்டுபிடிப்பைச் செய்தது. கயாக் ஓட்டுபவர் உட்காரும் குழிக்குள் தண்ணீர் புகாமலிருக்க, இடுப்பைச் சுற்றி இறுகக் கட்டிக் குழியின் விளிம்போடு மாட்டிக்கொள்ளும் ஒரு துணி உண்டு. இதற்கு வெளிநாட்டுக் கடைகளில் நல்ல விலை. கொழுந்தெடுக்கும் பெண்கள் ஈரச் செடியின் மேல் உராயாமலிருக்க இடுப்பைச் சுற்றி இறுகக் கட்டுவது படங்கு. பொருள் ஒன்று, பயன் ஒன்று, கட்டும் இடமும் ஒன்று. தலையிலிருந்து தொங்கும் கூடையையும் கம்பளியையும் சேர்த்துப் பார்த்தால், மழைநாளில் மலையில் நிற்கும் ஒருவர், இடுப்பளவு பச்சையில் மூழ்கி, இரு கையும் மாறி மாறி இடமும் வலமும் போய்வர, முன்னேறிக்கொண்டிருக்கிறார். கயாக் ஓட்டத்தின் அசைவுகள் எல்லாம் இதில் இருக்கின்றன. கயாக் ஒன்றுதான் இல்லை. பாதுகாப்பு அறிவுறுத்தல்களில் மட்டும் சிறு வேறுபாடு: மற்ற நாடுகளில் வழிகாட்டி மிதவை அங்கியைச் சரிபார்ப்பார், இங்கே காலில் சவர்க்காரம் பூசியாயிற்றா, அட்டைக்கு உப்பு முடிந்தாயிற்றா என்று பார்க்கவேண்டும்.

வழிகாட்டி என்ற நிறுவனமும் ஆராயத்தக்கது. முறையான கயாக் சுற்றுலாவில் இருவர் வேண்டும். ஒருவர் முன்னால் போய் வழிகாட்டி, வரலாறு சொல்வார். இன்னொருவர் கடைசியில் வந்து, யார் பின்தங்குகிறார், யார் படம் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று கவனிப்பார். தோட்டத்தில் முன்னவர் கிடையாது. மலைக்கு வழி எல்லாருக்கும் தெரியும். வரலாற்றைச் சொல்லிக் கேட்க நேரமில்லை. பின்னவர் மட்டும் உண்டு. அவருக்குப் பெயர் கங்காணி. ஆகவே வழிகாட்டப்பட்ட பயணம் என்பதன் பாதியை நாம் நூற்றாண்டுக்கு மேலாக அனுபவித்து வருகிறோம்.

இனிப் பாதைகள். அட்டன் மேட்டின் முகட்டில் விழும் மழைத்துளிக்கு இரண்டு வாழ்க்கை. ஒரு பக்கம் சாய்ந்தால் மகாவலி. 335 கிலோமீட்டர் நீளமான அந்த ஆறு நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை எல்லாம் பார்த்து, பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகலை என்று அணைகளில் தங்கித் தங்கித் திருகோணமலையின் கொட்டியார்க் குடாவில் முடிகிறது. மறுபக்கம் சாய்ந்தால் கெஹெல்கமு ஓயா. அது மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகி, கித்துல்கலையில் வெள்ளைக்காரர்களை ரப்பர் படகோடு தூக்கிப் போட்டு விளையாடி, கொழும்புக்கு வடக்கே கடலில் விழுகிறது. அந்தக் கழிமுகத்துக்கு அருகில்தான் ஹமில்டன் கால்வாய் தொடங்குகிறது. 1802 க்கும் 1804 க்கும் இடையில் பிரித்தானியர் வெட்டியது, நீர்கொழும்பு நோக்கி 14.5 கிலோமீட்டர். முத்துராஜவெல ஈரநிலத்துக்கு வழிகாட்டியோடு படகில் போகிறவர்கள் அங்கே பறவை பார்க்கிறார்கள். அவர்களுக்கு அடியில் இருப்பது ஓரளவுக்கு எங்கள் மலையின் மழை என்று எந்த வழிகாட்டியும் சொல்வதாகத் தெரியவில்லை. 2015 டிசம்பரில் சென்னையின் தெருக்களில் மீனவர்கள் படகு விட்டு மக்களை ஏற்றியதையும் இங்கே சேர்க்கவேண்டும். முன்பதிவில்லாத நகர நீர்வழிப் பயணம் அது. அங்கே யாரும் படகின் நீளத்தை அளக்கவில்லை.

மலைநாட்டில் உண்மையிலேயே கயாக் ஓடும் இடம் காசல்ரீ நீர்த்தேக்கம். 1965 இல் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டியது. இந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918 இலேயே எழுதினார். லக்ஸபான நிலையம் 1950 இல் இயங்கியது. அந்த மின்சாரம் கம்பிவழியே கொழும்புக்கு இறங்கிய வேகத்தையும், கரையில் தெரிகிற லயத்துக்கு ஏறிவந்த வேகத்தையும் ஒப்பிடுவது இயற்பியலில் தீராத புதிர்; மின்சாரம் மேட்டில் ஏறச் சிரமப்படுகிறது போலும். துரைமார் இருந்த பங்களாக்கள் இப்போது ஹோட்டல்கள். விருந்தினர் கடல்விமானத்தில் நீர்த்தேக்கத்தின்மேலேயே வந்து இறங்கலாம். மாலையில் கயாக் எடுத்து, வழிகாட்டியோடு, மலையில் கொழுந்தெடுப்பவர்களைத் தண்ணீரிலிருந்து பார்க்கலாம். மலையிலிருந்து கயாக்கைப் பார்ப்பது இலவசம்.

ஆனால் நகரத்தின் நீர்வழி என்ற சொற்றொடரைக் கண்டிப்பாக எடுத்துக்கொண்டால் காசல்ரீயும் தேறாது. கரையில் இருப்பது தேயிலை. நகரம் வேண்டுமானால் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும். மவுஸ்ஸாகலை அணை 1969 இல் முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்கடியில் போயிற்று. இன்றிருக்கும் மஸ்கெலியா மேட்டில் புதிதாகக் கட்டியது. வெனிஸில் நகரத்துக்குள் நீர்வழி. மவுஸ்ஸாகலையில் நீர்வழிக்குள் நகரம். உலகத்தின் மற்ற வழிகாட்டிகள் எல்லாம் இடப்பக்கம் பாருங்கள், வலப்பக்கம் பாருங்கள் என்று கை நீட்டுகிறார்கள். இங்கே வழிகாட்டி துடுப்பை நிறுத்திவிட்டுக் கீழே காட்டவேண்டும். இதுதான் கடைத்தெரு. இதில் இறங்கித்தான் கோயிலுக்குப் போகவேண்டும். இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள், பள்ளிவாசல் வரும்.

இதில் ஒரு தர்க்கச் சிக்கல் இருக்கிறது. தண்ணீர் நிறைந்திருக்கும்போது கயாக் ஓடும், நகரம் தெரியாது. கடும் வரட்சியில் தண்ணீர் வற்றும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தலைகாட்டும்; அப்போது நகரம் தெரியும், கயாக் ஓடாது. சனங்கள் அப்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்து போய்ப் பார்க்கிறார்கள், கும்பிடுகிறார்கள். நகரத்தையும் நீர்வழியையும் ஒரே நேரத்தில் காட்டும் பருவம் எது என்று நான் கணக்கிட்டுப் பார்த்தேன். கோயில் கோபுரம் மட்டும் வெளியே தெரியும் அளவுக்கு நீர் நிற்கும் சில நாட்கள் வேண்டும். மின்சார சபை அந்த நாட்களை முன்கூட்டியே அறிவித்தால் சுற்றுலாத் துறைக்கு உதவியாயிருக்கும்.

நிர்வாகத் தடைகளும் இல்லாமலில்லை. அம்பகமுவ பிரதேச சபை 2018 இல் அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என மூன்றானது. வட்டவளைக் கானில் இறங்கி, காசல்ரீயில் துடுப்புப் போட்டு, மவுஸ்ஸாகலையில் கோயிலைப் பார்க்கவேண்டுமானால் மூன்று சபைகளிடமும் மனுக் கொடுக்கவேண்டும். இடையில் மலை குறுக்கிடுவதால் கயாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏறவேண்டியும் வரும். தலையில் சுமப்பதில் எங்களுக்குப் பயிற்சி போதும் என்று மனுவில் எழுதலாம்.

மிஞ்சியிருப்பது சம்பளம். கோபன்ஹேகனில் 2017 முதல் ஒரு திட்டம் நடக்கிறது: கால்வாயில் மிதக்கும் குப்பையை அள்ளிக்கொண்டு வந்தால் கயாக் இலவசம். இதை வட்டவளைத் தேத்தண்ணிக் கடையில், ஆய்வரங்கு முறைப்படி, ஓய்வுபெற்ற கங்காணியார் ஒருவரிடமும், கான் வெட்டிக் கைகாய்த்த அவர் மருமகனிடமும் விளக்கினேன். கங்காணியார் ரொட்டியைப் பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஆயிரம் ரூபாய் நாள் சம்பளத்துக்கு 2021 வரை காத்திருந்த சமூகத்தின் முன் நான் வைத்தது, சம்பளமில்லாமல் கான் துப்புரவு செய்து அதற்கு நன்றியும் சொல்லும் ஒரு முறை.

"அப்ப அந்த ஊர்ல கான் வேலைக்குப் பேரு போடுறதில்லையா, தம்பி?"

இல்லை, உல்லாசமாகச் செய்கிறார்கள் என்றேன். மருமகன் யோசித்துப் பார்த்தார். இங்கே இப்படி ஒன்று வந்தால் நிர்வாகம் சும்மா விடாது, அளவு வைக்கும் என்பது அவர் கணிப்பு. கொழுந்துக்கு இத்தனை கிலோ என்று இருப்பதுபோல இதற்கும் இருக்கவேண்டுமே.

"அதை மட்டும் முன்னாலயே கேட்டு எழுதி வாங்கிருங்க, சேர். எத்தனை கிலோ தண்ணி தள்ளினா ஒரு பேரு?"