மூன்று கல்லும் காவிரிப் படுகையும்: திறந்தவெளி அடுப்பு குறித்த ஒரு முன்னாய்வு

1. முன்னுரை

தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கல் எங்கிருந்து வந்தது என்று அறிஞர் பெருமக்கள் எழுதி ஓய்ந்தபாடில்லை. 1010இல் முடிந்த கோயில். விமானம் 216 அடி. அக்கம்பக்கத்தில் கருங்கல் மலை ஒன்றுகூடக் கிடையாது. திருச்சிப் பக்கமா புதுக்கோட்டைப் பக்கமா என்று ஒரு கட்சி, உச்சிக்கல் ஒன்றா பலவா என்று இன்னொரு கட்சி, சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டினார்களா என்று மூன்றாம் கட்சி. ஆனால் அதே சீமையில், ஆற்றங்கரையில் கூட்டாஞ்சோறு ஆக்கும் பிள்ளைகளுக்கு அடுப்புக் கூட்ட மூன்று கல் எங்கிருந்து கிடைக்கிறது என்று எவரும் கேட்டதில்லை. இக்குறையைப் போக்குவதே ஈண்டு நோக்கம். போகாத பகுதி பின்னர் விரிக்கப்படும்.

2. எல்லை

வடக்கே கொள்ளிடம், கிழக்கே கடல், மேற்கே கல்லணை, தெற்கே பசி தாங்கும் தூரம். காலம்: சம்பா அறுவடை முடிந்ததிலிருந்து ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கும் வரை. அந்தத் தேதியில் அணை திறக்காத ஆண்டுகளில் ஆய்வுக் காலம் தானே நீளும்.

3. தகவலாளிகள்

பாட்டி ஒருவர், மாமன்கள் இருவர், கீதாரிகள் சிலர். கீதாரிகள் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து ஆட்டு மந்தையோடு வந்து, அறுத்த வயலில் கிடை போட்டு, மாதக்கணக்கில் வெட்டவெளியிலேயே சோறாக்கித் தின்பவர்கள். இத்துறையின் மெய்யான வல்லுநர்கள் அவர்களே. ஆகவே ஆய்வு மரபுப்படி அவர்கள் பெயரை எங்கும் குறிப்பிடவில்லை.

4. முன்னோர் நூல்கள்

இரண்டாம் சரபோஜி மன்னரின் அரண்மனைச் சமையலைச் சொல்லும் ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ சரஸ்வதி மகால் நூலகத்தின் வெளியீடாகக் கிடைக்கிறது. அரண்மனை அடுப்பு இடம்பெயராத அடுப்பு என்பதால் அந்நூல் நமக்குப் பயன்படாது. எனினும் குறிப்பிடாவிட்டால் கட்டுரை கனக்காது.

5. எரிபொருள்

வைக்கோல்: பற்றும், நிற்காது.
பன்னாடை: தீ மூட்ட இதற்கு மிஞ்சியது இல்லை.
தென்னை மட்டை: சோறு கொதிக்கும் வரை.
கொட்டாங்கச்சி: கொதித்த பின் தணலுக்கு.
சீமைக் கருவேலம்: எல்லாவற்றுக்கும், ஒடிப்பவர் செருப்போடு போக வேண்டும்.
புகை: யோசனை சொல்பவர் பக்கம் அடிக்கும் (பாட்டி, வாய்மொழி).

6. கல்

6.1. ஏன் மூன்று?

மூன்று முனையில் நிற்பது ஆடாது. நான்காவதாக ஒன்றை வைத்தால் அது எப்போதும் அரை விரல் தாழ்ந்து, பாரம் தாங்காமல், பெயருக்கு நிற்கும். பானை இறங்கியதும் தானும் சுமந்ததாகச் சொல்லிக்கொள்ளும். இந்நான்காம் கல்லை ஆய்வுலகில் நெறியாளர் என்பர்.

6.2. வகைப்பாடு

காவிரிப் படுகை முழுக்க வண்டல். தோண்டினால் மணல், மேலும் தோண்டினால் களி. எனவே இங்கு கல் என்பது விளைபொருள் அன்று, இறக்குமதி.

(அ) படித்துறைக் கல். பெயராது.

(ஆ) அம்மி. பெயரும். பெயர்த்துக் கொண்டுவந்த பையனுக்கு அன்றிரவு வீட்டில் சோறு கிடைக்காததால், கூட்டாஞ்சோறு அவனுக்கு இரட்டிப்பு முக்கியத்துவம் பெறுகிறது (மேற்படி பாட்டி, திருத்திய பதிப்பு, பல் கட்டிய பின்).

(இ) தண்டவாளச் சல்லி. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை ரயில் வந்தபோது, இம்மண்ணில் கேட்பாரற்றுக் கிடக்கும் கருங்கல் என்ற ஒன்று முதன்முறையாகத் தோன்றியது. ஆனால் அது உள்ளங்கைக்குள் அடங்கும்; குண்டானைத் தாங்காது. தவிர, கேட்பார் உண்டு.

(ஈ) செங்கல். படுக்கை வசமாக வைப்பதா, குத்த வைப்பதா என்பதில் இரு பள்ளிகள். படுக்கை வசமாக வைத்தால் பானைக்கும் தரைக்கும் நடுவே காற்று நுழையாது. விறகு புகைந்தே தீரும். குத்த வைத்தால் தீ நன்றாக எழும், பானையும் ஒருநாள் விழும் (பெரிய மாமா, திண்ணை உரை, இரண்டாம் வெற்றிலைக்கும் மூன்றாம் வெற்றிலைக்கும் இடைப்பட்ட பகுதி, இதற்குச் சின்ன மாமாவின் மறுப்பு, அதே திண்ணை, எதிர்த் தூண், மறுப்புக்கு மறுப்பு, கல்யாணப் பந்தி, பாயசத்துக்கு முன், சமரசம், பாயசத்துக்குப் பின், சமரச முறிவு, தாம்பூலப் பை குறைந்தபோது). குத்த வைத்து, அடிப்பாகத்தை நான்கு விரல் மண்ணில் புதைத்தால் சண்டையே இல்லை. அது எளிதாக இருப்பதால் இரு பள்ளிகளும் ஏற்கவில்லை.

(உ) மண்ணாங்கட்டி. இவ்வாய்வின் மையம் இதுவே. சித்திரை வெயிலில் களிமண் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மூன்று கல்லுக்கு என்ன செய்வீர்கள் என்று ஒரு கீதாரியிடம் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. வெடிப்பில் தொரட்டிக் கம்பை விட்டு நெம்பி, ஒரு பாளத்தைப் புரட்டிப்போட்டார். அடிப்புறத்தை நகத்தால் கீறினார். வெள்ளைக் கோடு விழுந்தால் காய்ந்த கட்டி. நகத்தில் மண் ஒட்டினால் ஈரக் கட்டி. ஈரக் கட்டி தீயில் வெடிக்கும், பானையைக் கவிழ்க்கும். காய்ந்த கட்டியோ இரண்டு உலை கொதிப்பதற்குள் உட்புறம் சிவந்து, பாதிச் செங்கல் ஆகிவிடும். அதாவது டெல்டாக்காரன் அடுப்புக்குக் கல் தேடுவதில்லை. சோறு வேகும்போதே கல்லும் வேகிறது. இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் மேற்கண்ட ஐந்து இயல்களும் தேவைப்பட்டன. பட்டம் வாங்க இருந்தால் ஐம்பது.

7. பாண்டமும் பண்டமும்

குண்டானின் வெளிப்புறத்தில் சேற்றைக் குழைத்துப் பூசி ஏற்றினால் கரி சேற்றில் பிடிக்கும். பிறகு ஆற்றில் முக்கினால் சேறோடு போய்விடும். ஓடுகிற காவிரித் தண்ணீரிலோ ஆற்று மணலில் தோண்டிய ஊற்றிலோ துவரம்பருப்பு சீக்கிரம் குழையும். கடலோரப் போர்த் தண்ணீரில் நின்று அடம் பிடிக்கும்.

அரிசிதான் சிக்கல். வீட்டுக்கு ஓர் ஆழாக்கு என்பது சட்டம். ஒருத்தி பொன்னிப் பச்சரிசி, ஒருத்தி ரேஷன் புழுங்கல், ஒருத்தி இட்லிக்கு வைத்திருந்த குண்டரிசி. பச்சரிசி வெந்து குழையும்போது குண்டரிசி இப்போதுதான் கண் விழிக்கும். ஒரே பானைக்குள் மூன்று கருத்துகள். கூட்டத்தில் மூத்தவளான அக்கா தண்ணீரை இரண்டு மடங்காக்கி, பருப்பையும் முருங்கைக்கீரையையும் உள்ளே தள்ளி, மூடித் தட்டின் மேல் கொட்டாங்கச்சித் தணலை அள்ளிப் போட்டுவிட்டு, யாரும் திறக்கக்கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். திறக்கும்போது எந்த அரிசி எது என்று எந்த ஆய்வாளராலும் சொல்ல முடியாது. கருத்து வேறுபாட்டைத் தீர்க்க இதைவிட நல்ல முறையைக் கருத்தரங்குகளில் யாரும் கண்டதில்லை.

8. முடிவும் மேலாய்வுக் களமும்

சாப்பிட்டு முடித்ததும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒருபுறம் வெந்த மூன்று கட்டிகளை அடுத்த உழவு மண்ணுக்குள் தள்ளும். என்றேனும் ஒருநாள் அகழாய்வில் அவை வெளிப்படும். சம தூரத்தில் கிடப்பதால் சடங்குத்தலம் என்று ஒருவர் சொல்வார். மூன்று என்பதால் மூவேந்தர் என்று இன்னொருவர் சொல்வார். உட்புறம் மட்டும் சிவந்திருப்பதால் இது ஓர் அறியப்படாத தொழிற்கூடம் என்று மூன்றாமவர் தாள் வாசிப்பார். அடுப்பாக இருக்குமோ என்று தேநீர் கொண்டுவந்த அம்மா கேட்பார். அவருக்கு வாசிக்க நேரம் ஒதுக்கப்படவில்லை. மூன்று நாள் தேசியக் கருத்தரங்கு. மதியச் சாப்பாடு கேட்டரிங். சாம்பார் ஆறிப்போயிருக்கும்.