அண்டாவில் அவித்த பலகை

நவநாகரிக மோட்டார் படகு ஒன்றைப் பாருங்கள். நடுவில் கல்யாண மண்டப ஆர்ச் மாதிரி ஓர் அலுமினிய வளைவு நிற்கும். அதன் உச்சியில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஓர் இளைஞர், ஒரே பலகையில் இரண்டு காலையும் மாட்டிக்கொண்டு, படகு கிளப்பும் அலையில் ஏறி அந்தரத்தில் பல்டி அடிப்பார். விளையாட்டின் பெயர் வேக்போர்டிங். வளைவின் பெயர் டவர். டவர் இல்லாத சின்னப் படகுக்காரரைக் கண்டால் இந்தக் கோஷ்டி ‘அடப் பாவமே’ என்று உச்சுக்கொட்டும்.

கொட்டட்டும். இந்த வம்சத்தின் மூலபுருஷரிடம் டவர் இல்லை. அதாவது பரவாயில்லை, ஒழுங்கான கயிறே இல்லை.

அவர் பெயர் ரால்ஃப் சாமுவேல்சன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் லேக் சிட்டி என்ற சின்ன ஊர். ஆண்டு 1922. வயது 18. பையனுக்கு ஒரு சந்தேகம்: பனிமேல் சறுக்க முடிகிறது, அதே பனி உருகித் தண்ணீரானால் மட்டும் ஏன் சறுக்கக் கூடாது? பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு பெப்பின் ஏரியில் இறங்கினார். ஏரி விழுங்கியது. நிஜமான பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிப் பார்த்தார். ஏரிக்குப் பாரபட்சமே கிடையாது, அதையும் விழுங்கியது.

சரி, நாமே செய்துவிடலாம் என்று மரக்கடைக்குப் போனார். 8 அடி நீளம், 9 அங்குல அகலத்தில் இரண்டு பைன் பலகைகள். நுனி மேல்நோக்கி வளைய வேண்டுமே? அம்மாவின் செப்பு அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, பலகை நுனிகளை அதில் அவித்து வளைத்தார். உலக சாதனைக்கு ஆராய்ச்சிக்கூடம் வேண்டும் என்று அழுகிற விஞ்ஞானிகள், அடுக்களைப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்க்கலாம்.

கயிறு? ஜன்னல் சட்டத்தை ஏற்றி இறக்கப் பயன்படுகிற கயிறு, 100 அடி. கைப்பிடி? கொல்லர் அடித்துக் கொடுத்த இரும்பு வளையம். படகு? லாரி எஞ்சின் பொருத்தியது. டிரைவர்? சகோதரர் பென். மொத்த ஸ்பான்சர்ஷிப்பும் குடும்பத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது.

ஜூலை 2 அன்று ரால்ஃபுக்கு ஞானோதயம். பலகையின் நுனியைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்தார். படகு இழுத்தது. ஆசாமி எழுந்து நின்றார்! நீர்ச்சறுக்கு பிறந்தது. மறுநாள் அவருக்கு 19-வது பிறந்தநாள். இத்தனை பிரமாதமான பரிசைத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டவர், பேட்டன்ட் வாங்க மட்டும் மறந்துபோனார்.

அவர் கவனமெல்லாம் கரையில் நிற்கிற கூட்டத்தின் மேல். கைதட்டல் ஒரு போதை அல்லவா? 1925-ல் பாதி முழுகிய மிதவை மேடையைச் சாய்தளமாக்கி, ‘ஜம்ப்’ செய்யப் போகிறேன் என்றார். முதல் முயற்சியில் கட்டைகள் மேடையிலேயே ஒட்டிக்கொண்டன, ரால்ஃப் மட்டும் தொடர்ந்து பயணம் செய்தார். பிறகு மேடைக்குப் பன்றிக் கொழுப்பு தடவினார்கள். ஜம்ப் சக்சஸ். அதுவும் அலுத்துப்போக, தண்ணீரில் இறங்கும் விமானத்தின் பின்னால் கயிற்றைக் கட்டிக்கொண்டு மணிக்குச் சுமார் 80 மைல் வேகத்தில் பறந்தார். டவர் இல்லை என்று வருத்தப்படுகிற அன்பர்களே, மனுஷன் ஏரோப்ளேனையே டவராக்கியவர்.

அதே 1925-ல் நியூயார்க் பக்கம் ஃப்ரெட் வாலர் என்றொருவர் நீர்ச்சறுக்குக் கட்டைக்குப் பேட்டன்ட் வாங்கினார். பெயரும் வைத்தார்: டால்ஃபின் அக்வா ஸ்கீஸ். இந்த வாலர்தான் பின்னாளில் சினிமாத் திரையை அகல அகல இழுத்து ‘சினிராமா’ கொண்டுவந்தவர். எதையாவது இழுத்துக்கொண்டே இருப்பது சிலரின் ஜாதக விசேஷம்.

நம் ரால்ஃபோ முதுகில் அடிபட்டு, சாகசங்களுக்கு முழுக்குப் போட்டு, வான்கோழி வளர்க்கப் போய்விட்டார். உலகம் மறந்தது. 1963-ல் லேக் சிட்டிக்கு வந்த ஒரு பத்திரிகையாளர், குளியலறைக் கட்டடத்தின் சுவரில் மாட்டியிருந்த பழைய கட்டைகளைப் பார்த்து ‘இது யாருடையது?’ என்று விசாரித்தார். அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் 1966-ல் அவரை முதல் நீர்ச்சறுக்கு வீரர் என்று ஒப்புக்கொண்டது. 44 வருஷம் தாமதம். பென்ஷன் ஆபீஸே பரவாயில்லை.

இப்போது 1985-க்குத் தாவுவோம். கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் டோனி ஃபின் என்ற சர்ஃபர். கடலில் நல்ல அலை வருகிறவரை காத்திருக்கப் பொறுமை இல்லை. படகுதான் அலை போடுகிறதே, அது போதாதா என்று சர்ஃப் பலகைக்கும் நீர்ச்சறுக்குக் கட்டைக்கும் நடுவில் ஒன்றைச் செய்து ‘ஸ்கர்ஃபர்’ என்று பெயரிட்டார். வேக்போர்டின் பாட்டனார் இதுதான். ஆரம்பத்தில் கால்பட்டை கூடக் கிடையாது. பலகை ஒரு பக்கம், பக்தர் ஒரு பக்கம். பட்டை வந்தபிறகுதான் இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள்.

அந்தப் பலகைகளுக்கு இன்னொரு வியாதி: ஏகத்துக்கு மிதந்தன. எழுந்து நிற்பதற்கு முன்னால் அதைத் தண்ணீருக்குள் அமுக்குவதே ஒரு மல்யுத்தம். ஹெர்ப் ஓ’பிரையன் 1990 வாக்கில் அவ்வளவாக மிதக்காத ‘ஹைப்பர்லைட்’ பலகையைக் கொண்டுவந்தார். சாமானியர்களும் எழுந்து நின்றார்கள்.

இங்கேதான் பெரிய வேடிக்கை. நீர்ச்சறுக்குப் படகு செய்கிறவர்கள், பின்னால் அலையே எழும்பக் கூடாது என்று பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வேக்போர்டு கோஷ்டியோ அதே படகை வாங்கி, உள்ளே தண்ணீர்ப் பைகளை நிரப்பி, அலையைப் பெரிசாக்கியது. எடைக்காகவே நண்பர்களை அழைத்தார்கள். டயட் இருப்பவருக்கு அழைப்பு கிடையாது.

அப்போதெல்லாம் கயிறு படகில் தாழ்வாக, தண்ணீருக்குச் சற்று மேலேதான் கட்டப்பட்டது. துள்ளி மேலே போனால் கயிறு ‘எங்கேடா போறே?’ என்று கீழே இழுத்துவிடும். நடுப்படகில் உயரமான கம்பம் நட்டு, அது சாயாமல் முன்பக்கத்துக்கு ஒரு கயிறு கட்டிப் பார்த்தார்கள். கடைசியில் 1990-களின் பிற்பாதியில் ‘கரெக்ட் கிராஃப்ட்’ கம்பெனி டவரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நல்ல ஐடியா, மறுப்பதற்கில்லை. ஆனால் கொஞ்ச நாளில் அதில் ஸ்பீக்கர், விளக்கு, பலகை மாட்டும் கொக்கி எல்லாம் தொங்க ஆரம்பித்தன. கயிறு கட்டவும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.

உங்களிடம் இருப்பது சின்னப் படகா? ஆசைப்பட்டு வெல்டிங் பட்டறையில் கம்பம் நட்டுவிடாதீர்கள். கட்டுமிடம் உயர உயர, வீரர் பக்கவாட்டில் ஒதுங்கும்போது படகும் அவர் பக்கம் சாயும். சின்னப் படகு இந்த மரியாதையைத் தாங்காது. பின்பக்கத்து இரண்டு வளையங்களிலும் V மாதிரி கயிறு கட்டி, நடுவிலிருந்து இழுங்கள். மணிக்கு 20 மைல் தாராளம். அந்தர் பல்டி குறையும், ஆனந்தம் குறையாது. லைஃப் ஜாக்கெட் கட்டாயம். பின்பக்கம் பார்த்துக்கொண்டே உட்கார ஓர் ஆளை நியமியுங்கள், ஓட்டுபவர் முன்னால் பார்க்கட்டும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இதற்குச் சட்டமே இருக்கிறது. செல்ஃபி எடுக்கிறவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.