ஏழு பேர்ச்சும் ஐந்து சாட்சிகளும்

இறந்தவரின் சொத்து யாருக்குப் போகும் என்பதை இலங்கையில் ஒரே சட்டம் தீர்மானிப்பதில்லை. யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை உண்டு, கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம் உண்டு, முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம் உண்டு. பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு மேலே இருக்கும் மீரியபெத்த தோட்டக் குடும்பம் இவற்றில் எதற்குள்ளும் அடங்காது. பேசுவது தமிழ்தான், ஆனால் தேசவழமை வட மாகாணத்தாரைத்தான் தேடும். குடியிருப்பது பழைய கண்டி இராச்சியத்து மண், ஆனால் கண்டியச் சட்டம் மண்ணைப் பார்ப்பதில்லை. மிஞ்சுவது பொதுச் சட்டம். அதற்கு அடித்தளம் ரோமன் டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் பதுளையை உள்ளடக்கிய ஊவாவை ஒருநாளும் ஆண்டதில்லை. தங்கள் சொந்த நாட்டிலேயே 1809 இல் அதைக் கைவிட்டும் விட்டார்கள். கொஸ்லந்தைக்கு மேலே கொழுந்தெடுக்கும் குடும்பத்துக்காக அது இன்னும் ஓய்வு பெறாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பொதுச் சட்டத்தின் பங்கீட்டு விதி 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் பாதி, உயிரோடிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ. மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் பேதமில்லை. பங்கு இவ்வளவு தெளிவாக இருக்கிறது. பங்கு போடுவதற்கான பொருள்தான் நீண்ட காலம் இருக்கவில்லை.

குடும்பம் குடியிருக்கும் லயக் காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட அந்த அறையில் நான்கு தலைமுறை பிறந்திருக்கலாம். நான்கு தலைமுறை சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கலாம். உரித்து மட்டும் வராது. 1970களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்கு வந்தது. அறைக்குள் இருந்தவர்களுக்கு மாறியது துரையின் முகம்தான். ஆகவே தாத்தா விட்டுச் சென்ற அசையும் சொத்து என்று பார்த்தால் ஓர் அலுமாரி, ஒரு தொலைக்காட்சி, ஓர் அடகு ரசீது. மூன்றாவதை யாருக்கு எழுதிவைப்பது என்பதில்தான் குடும்பத்தில் பெருந்தன்மை பொங்கும். ஒவ்வொருவரும் அடுத்தவருக்கே விட்டுக்கொடுப்பார்கள்.

உண்மையான முதுசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் தொழிலாளி நூற்றுக்கு 8, தோட்டம் 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் மேலும் 3. இவற்றோடு 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் சேரும். ஐந்து வருடத்துக்குக் குறையாமல் உழைத்த நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம் என்பது அதன் கணக்கு. முப்பது வருடம் கூடை சுமந்தவருக்கு 420 நாள் சம்பளம். சேமலாப நிதிக்காக மரணசாசனம் எழுத நொத்தாரிசைத் தேட வேண்டியதில்லை. சேமலாப நிதிப் படிவத்தில் பின்னுரித்தாளர் என்ற இடத்தை நிரப்பினாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. அது நிரப்பப்பட்டும் இருக்கும், வேலைக்குச் சேர்ந்த பதினெட்டு வயதில், அம்மாவின் பெயரால். பிறகு கல்யாணம் ஆகி, பேரப்பிள்ளையும் கண்டாயிற்று. அம்மா இறந்து இருபது வருடமாகியிருக்கும். படிவத்தில் மட்டும் சௌக்கியமாக இருப்பார்.

அடுத்த இடையூறு பெயர். பிறப்புச் சான்றிதழில் மாரியாயி, தோட்டச் சம்பளப் பதிவான செக்ரோலில் மாரியம்மா, அடையாள அட்டையில் மாரியாய், சேமலாப நிதியில் அப்பாவின் பெயரையும் சேர்த்துக்கொண்டு இன்னொருவர். நால்வரும் ஒரே ஆள் என்று லயமே அறியும், அலுவலகம் அறியாது. அதற்காகச் சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, "இவர்கள் அனைவரும் நானே" என்று கையொப்பமிட வேண்டும். வேதாந்திகள் வாழ்நாளெல்லாம் தேடும் இந்த ஞானம் பண்டாரவளையில் அரை நாளில் கிட்டும். ஆனால் அவர் இருக்கும்போதே முடிக்க வேண்டும். இறந்த பிறகு நால்வரையும் ஒருவராக்கும் பொறுப்பு பிள்ளைகள் தலையில் விழும். அவர்கள் பெயர்களும் ஆளுக்கு மூன்று.

இந்தப் பத்திரங்களும் ஒரே நாளில் போய்விடலாம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. வேறு காணி இல்லாதவர்கள் எங்கே போவது என்பதற்கு எச்சரிக்கையில் பதில் இருக்கவில்லை. மண்ணுக்குள் ஆட்களும் போனார்கள், பத்திரங்களும் போயின. தப்பியவர்கள் பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் காலம் கழித்தார்கள். 2016 இல் பூனாகலைப் பகுதியில் அவர்களுக்காக 75 வீடுகள் கையளிக்கப்பட்டன.

லயத்திலிருந்து தனி வீட்டுக்கு மாறும் தோட்டக் குடும்பத்துக்கு அரசு வகுத்திருந்த அளவு 7 பேர்ச். அதற்கு உறுதி கைக்கு வரும் நாளில் 1876 ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னாலேயே வந்து திண்ணையில் உட்காரும். 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,906 சதுர அடி. அப்பா எழுதிவைக்காமல் போனால் அம்மாவுக்கு மூன்றரைப் பேர்ச். நான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 238 சதுர அடி, அதாவது இரண்டு லயக் காம்பிரா. அந்தப் பங்கை ஒரு பிள்ளை தன் நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு அரைக் காம்பிரா. இரண்டே தலைமுறையில் குடும்பம் புறப்பட்ட இடத்தைவிடச் சிறிய இடத்துக்குச் சட்டப்படி போய்ச் சேர்ந்துவிடும்.

தடுக்க வழி மரணசாசனம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இரண்டு முறைகளை ஏற்கிறது: நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஒரே நேரத்தில் கூடியிருக்கும் ஐந்து சாட்சிகள். நகரத்துப் பணக்காரருக்கு ஐந்து பேரைத் திரட்டுவது பெரும்பாடு. லயத்தில் ஐந்து பேருக்குத் தெரியாமல் எழுதுவதுதான் பெரும்பாடு; வாசல் ஸ்தோப்பில் பேனா எடுத்தாலே பக்கத்துக் காம்பிராவிலிருந்து ஆள் வந்துவிடும். வாரிசாகப் போகிறவர்களைச் சாட்சி வரிசையில் நிறுத்தாமல் இருப்பது நல்லது.

மரணாதார சங்கம் மரணசாசனத்துக்கு மாற்று அல்ல. மாதச் சந்தாவைக் கூட்டி அடக்கச் செலவைக் கவனிப்பது அதன் கடமை. சவப்பெட்டி வரைக்கும்தான் அதன் திட்டம்.

வயோதிப காலப் பராமரிப்புக்கு வேறு சட்டம். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 60 வயதான, தன்னைப் பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து செலவுக்குப் பணம் கேட்டுப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டத்தில் இதை எடுத்துச் சொன்னால் "பெத்த புள்ள மேல பெட்டிசம் போடுறதா?" என்ற கேள்விதான் முதலில் வரும். கொழும்புக் கடையில் நிற்கும் மகன் பெருநாளுக்குப் பெருநாள் சீலையும் வேட்டியும் கொண்டுவருவதால், இடைப்பட்ட மாதங்களின் பசி சபைக்குத் தெரியாமலே போகும்.

வீட்டை உயிரோடிருக்கும்போதே மகனுக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. கொடுக்கும்போது தமக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொள்வது கட்டாயம். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு ஸ்தோப்புதான் படுக்கை. மீளப்பெற முடியாது என்று எழுதிய நன்கொடையையும் கொடிய நன்றியீனத்தைக் காரணம் காட்டி இரத்துச் செய்யக் கேட்கலாம். அதற்கு 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. எது கொடிய நன்றியீனம் என்பதை மாவட்ட நீதிமன்றம் முடிவு செய்யும். தீபாவளிக்கு ஆட்டுக்கறி வாங்கி அம்மாவுக்கு எலும்பை மட்டும் போட்ட மருமகளின் குற்றம் இதற்குள் வருமா என்று சட்டத்தில் சொல்லப்படவில்லை.