தக்காளி டின்னுக்குள் ஒரு சாம்ராஜ்யம்

ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய போதை வியாபாரி யார் என்று மெல்பர்னில் கேட்டுப் பாருங்கள். கார்ல் வில்லியம்ஸ் என்பார்கள், டோனி மொக்பெல் என்பார்கள். பாவம், அவர்களெல்லாம் சில்லறை. அந்தப் பட்டத்துக்கு உரியவர் பக்கிங்ஹாம் அரண்மனையில் குடியிருந்த ஒரு பாட்டியம்மா. இந்த மாநிலத்துக்கே அவர் பெயர்தான்: விக்டோரியா.

அம்மையார் 1837இல் பட்டமேறியபோது, கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரிலும் காசிப் பக்கத்திலும் உழவர்களுக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடி போடவைத்து, பாட்னாவிலும் காஜிப்பூரிலும் அபினி தயாரித்து, கல்கத்தாவில் பகிரங்கமாக ஏலம் விட்டுக்கொண்டிருந்தது. ஏலம் எடுத்த கனவான்கள் அதைக் கப்பலேற்றிச் சீனாவுக்குள் கள்ளத்தனமாக இறக்குவார்கள். அது எங்கே போகிறது என்று கம்பெனிக்குத் தெரியாது, தெரிந்தாலும் தெரியாது. 1839இல் லின் சேஷு என்ற சீன அதிகாரி 20,000 பெட்டிகளுக்கு மேல் பறிமுதல் செய்து அழித்தார். இன்றைக்கு அப்படிச் செய்கிற கஸ்டம்ஸ் அதிகாரிக்குப் பதக்கம் குத்துவார்கள். அன்றைக்குப் போர்க்கப்பல் அனுப்பினார்கள். சரக்குக்கு நஷ்ட ஈடும், போனஸாக ஹாங்காங் தீவும் வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். மெக்சிகோவின் எல் சாப்போ சிறையிலிருந்து தப்பிக்க ஒன்றரைக் கிலோமீட்டர் சுரங்கம் தோண்ட வேண்டியிருந்தது. மகாராணிக்கு அப்படி எந்தச் சிரமமும் இல்லை, சிறையே அவருடையது.

1851இல் விக்டோரியா தனிக் காலனி ஆனது. அதே ஆண்டு தங்கமும் கிடைத்தது. தங்கம் தோண்டச் சீனர்கள் வந்தார்கள், அவர்களுக்காக அபினியும் வந்தது. காலனி அரசு அதற்கு இறக்குமதி வரி போட்டு, ரசீதும் கொடுத்தது. சில பத்தாண்டுகள் ஓடிய பிறகு, சீனர்களும் அபினியும் வெள்ளைக்காரப் பெண்களைக் கெடுக்கிறார்கள் என்று பத்திரிகைகள் அலறத் தொடங்கின. 1906 முதல் புகைக்கும் அபினியை இறக்குமதி செய்யத் தடை. கவனியுங்கள், புகைக்கும் அபினிக்குத்தான். வெள்ளைக்காரப் பாட்டிமார் இருமலுக்கும் வயிற்றுவலிக்கும் சொட்டுச் சொட்டாகக் குடித்துவந்த அபினிச் சாராயத்தின் மேல் ஒருவரும் கைவைக்கவில்லை. சீனனின் குழாயில் இருந்தால் விஷம், நம் அலமாரியில் இருந்தால் மருந்து. தடை வந்த இரண்டே வருடத்தில், இதனால் நாட்டுக்குள் வரும் அபினி குறைந்ததா என்பதே சந்தேகம் என்று சுங்கத் துறைத் தலைவரே எழுதிவைத்தார். குறைந்தது வரி வருமானம்தான். அந்தப் பணம் கடத்தல்காரர் பைக்கு மாறியது.

இதே நாடு 1950களின் தொடக்கத்தில் தலைக்கணக்கில் உலகிலேயே அதிகம் ஹெராயின் உட்கொண்டது. திருட்டுத்தனமாக அல்ல, டாக்டர் சீட்டோடு. இருமல் மருந்திலும் வலி மருந்திலும். வெளிநாட்டு நெருக்கடியால் 1953இல் இறக்குமதியை நிறுத்தினார்கள். டாக்டர்கள்கூட முனகினார்கள்.

அரசு கடையை மூடினால் தனியார் திறப்பார்கள். நியூ சவுத் வேல்ஸின் கிரிஃபித் ஊரில் திராட்சை, ஆரஞ்சோடு கஞ்சாவும் செழித்தது. சாதாரண விவசாயிகள் திடீரென்று கட்டிய மாளிகைகளை ஊரார் 'புல் கோட்டைகள்' என்றார்கள். இந்தப் பயிரின் பின்னால் இருந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் இத்தாலியின் தென்கோடியில் உள்ள கலாப்ரியா. (கவிஞர் கலாப்ரியாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) மேசை நாற்காலிக் கடை வைத்திருந்த டொனால்ட் மெக்கே, லிபரல் கட்சி வேட்பாளராக நின்றவர், ஒரு பெரிய கஞ்சாத் தோட்டத்தைப் பற்றி போலீசுக்கு ரகசியமாகத் துப்புக் கொடுத்தார். ரகசியம் நீதிமன்றம் வரைதான் ரகசியமாக இருந்தது. துப்புக் கொடுத்தவர் யார் என்பது போலீஸ்காரர் குறிப்பேட்டிலிருந்தே எதிர்த்தரப்புக்குத் தெரிந்துபோனது. 1977 ஜூலை 15 மாலை, ஹோட்டல் கார் நிறுத்துமிடத்தில் மெக்கேயின் வேனும் ரத்தமும் தோட்டா உறைகளும் கிடந்தன. உடல் இன்று வரை கிடைக்கவில்லை. முக்கியமாகச் சந்தேகிக்கப்பட்ட ராபர்ட் டிரிம்போலே 1981இல் நாட்டை விட்டுக் கிளம்பி, 1987இல் ஸ்பெயினில் வியாதி வந்து இறந்தார்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் நம்மைப் போலவே கலாப்ரியாக்காரர்களுக்கும் உண்டு. அதனால் இந்தக் கதையில் பாஸ்குவாலே பார்பரோ என்ற பெயரில் ஆள் மேல் ஆள் வருவார்கள். ஒரு பாஸ்குவாலே 2003இல் மெல்பர்னின் எசெண்டன் பகுதியில், சிறுவர்கள் கால்பந்து பழகிக்கொண்டிருந்த மைதானத்தின் ஓரம், ஜேசன் மோரனோடு வேனில் உட்கார்ந்திருந்தபோது சுடப்பட்டார். பின்சீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். கார்ல் வில்லியம்ஸ் கோஷ்டிக்கும் மோரன் கோஷ்டிக்கும் நடந்த அந்தச் சண்டையில் மெல்பர்ன் வரிசையாகப் பிணம் எண்ணிக்கொண்டிருந்தது. பிறகு தொலைக்காட்சித் தொடராக எடுத்து ரசித்தது.

நம் கதாநாயகர் இன்னொரு பாஸ்குவாலே பார்பரோ, கிரிஃபித்காரர். 2007 ஜூன் 28 அன்று நேப்பிள்ஸிலிருந்து மெல்பர்ன் துறைமுகத்துக்கு ஒரு கண்டெய்னர் வந்தது. உள்ளே 3,000க்கும் அதிகமான தக்காளி டின்கள். டின்களுக்குள் 4.4 டன் எக்ஸ்டஸி, சுமார் ஒன்றரைக் கோடி மாத்திரை. அன்றைய தேதிக்கு உலகிலேயே பெரிய எக்ஸ்டஸி பிடிப்பு. நான் இருக்கும் த பேசின், டாண்டினாங் மலையடிவாரத்துப் புறநகர். (பேசின் பிரிட்ஜ் என்று நினைத்து வந்துவிடாதீர்கள், இங்கே ரயிலே கிடையாது.) மலையேறும் சைக்கிள்காரர்கள் மூச்சு வாங்குவதுதான் ஊரின் அதிகபட்சப் பரபரப்பு. இங்கேயும் அவசரத்துக்கு இத்தாலியத் தக்காளி டின்னில் ரசம் வைக்கிற வீடுகள் உண்டு. விலாசம் கொஞ்சம் மாறியிருந்தால் டாண்டினாங் மலை முழுக்க ஆடியிருக்கும்.

ஃபெடரல் போலீசார் சரக்கை எடுத்துவிட்டு, கண்டெய்னரைப் பழையபடி துறைமுகத்தில் நிறுத்தினார்கள். பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஒட்டுக்கேட்டார்கள். அந்த ஒரு வருடம்தான் காவியம். சரக்கு வந்துவிட்டது, ஆனால் யாரும் போய்த் தொடத் துணியவில்லை. என் கண்டெய்னரைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கவும் முடியாது. இன்ஷூரன்சும் கிடையாது. ஐரோப்பாவில் கடனுக்குச் சரக்கு அனுப்பியவர்களோ, தவணைக்கு அவகாசம் கொடுக்கிற கூட்டுறவு வங்கிக்காரர்கள் அல்ல. கடைசியில் போலீஸ் பிடித்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள, பொய்ப் பெயரில் ஒரு பத்திரிகையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். கடத்தல் தலைவன் துப்புத் தேடிப் பத்திரிகைக்காரனிடம் போன கதை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. நஷ்டத்தை ஈடுகட்டக் காபிக் கொட்டையோடு 150 கிலோ கொக்கெய்னும் வரவழைத்தார்கள். அதையும் போலீஸ் பிடித்தது. 2008 ஆகஸ்டில் எல்லாரும் கைது. 2012இல் பார்பரோவுக்கு ஆயுள் தண்டனை.

இவ்வளவு பெரிய ரகசியம் போலீசுக்கு எப்படித் தெரிந்தது? கடத்தல்காரர்களின் வக்கீலம்மாதான் சொன்னார். நிக்கோலா கோபோ, மாநிலத்தின் முன்னாள் கவர்னர் ஜேம்ஸ் கோபோவின் உறவுப் பெண். மெல்பர்ன் தாதாக்களுக்கெல்லாம் பிரியமான வக்கீல். அதே நேரம் விக்டோரியா போலீசின் 3838ஆம் எண் உளவாளி. பகலில் கட்சிக்காரருக்கு யோசனை, மாலையில் போலீசுக்கு அறிக்கை. கட்சிக்காரர் ஒருவர் நம்பி ஒப்படைத்த கப்பல் காகிதங்களில் தக்காளிக் கண்டெய்னரின் பில் ஆஃப் லேடிங்கும் இருந்தது. அதன் விவரம் அப்படியே போலீசுக்குப் போனது.

அவருடைய இன்னொரு கட்சிக்காரர் டோனி மொக்பெல். கொக்கெய்ன் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2006 மார்ச்சில் தலைமறைவாகி, மேற்கு ஆஸ்திரேலியக் கரையிலிருந்து பாய்மரப் படகில் கிரீஸுக்குப் போய்ச் சேர்ந்தவர். பெருங்கடலைத் தாண்டியவர் 2007 ஜூனில் ஏதென்ஸில் மாட்டிக்கொண்டார். அப்போது அவர் தலையில் இருந்த டோப்பா உலகப் புகழ் பெற்றது. எங்கள் ஊர் நாடகக் குழுவில் ராஜபார்ட்டுக்கு வைக்கிற டோப்பாகூட அதைவிட நம்பும்படி இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2005இல் பாலித் தீவில் 8.3 கிலோ ஹெராயினோடு ஆஸ்திரேலிய இளைஞர்கள் ஒன்பது பேர் பிடிபட்டார்கள். இந்தோனேசியாவுக்குத் தகவல் சொன்னது இதே ஃபெடரல் போலீஸ், அங்கே இதற்கு மரண தண்டனை என்று தெரிந்தே. அவர்களில் மயூரன் சுகுமாரன், இலங்கைப் பின்னணி கொண்ட குடும்பத்தில் லண்டனில் பிறந்து சிட்னியில் வளர்ந்தவர். சிறையில் ஓவியம் கற்று, மற்ற கைதிகளுக்கும் கற்றுக்கொடுத்தவர். 2015 ஏப்ரல் 29 அன்று ஆண்ட்ரூ சானோடு சேர்த்துச் சுட்டுக் கொன்றார்கள். 4.4 டன்னுக்கு மெல்பர்ன் சிறையில் சாப்பாடு. 8.3 கிலோவுக்குத் துப்பாக்கி.

வக்கீலம்மா கதை வெளியே வராமல் இருக்க விக்டோரியா போலீஸ் வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறியது. 2018 டிசம்பரில் உயர் நீதிமன்றம் போலீசின் நடத்தையைக் கடுமையாகக் கண்டித்து, உண்மையைச் சொல்லத்தான் வேண்டும் என்றது. விசாரணைக் கமிஷன் 2020இல் கணக்குப் போட்டது: 1,011 பேரின் தண்டனைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். தாதாக்கள் சிறைக்குள்ளிருந்தே சட்டப் புத்தகம் புரட்டத் தொடங்கினார்கள். 30 வருடத் தண்டனை வாங்கிய மொக்பெல் 2025 ஏப்ரலில் ஜாமீனில் வெளியே வந்தார், டோப்பா இல்லாமல்.

தப்புச் செய்த போலீசார்மேல் வழக்குப் போட ஒரு சிறப்பு விசாரணை அலுவலகமும் திறந்தார்கள். தலைவர், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஜெஃப்ரி நெட்டில். அவர் ஆதாரம் திரட்டிக் கொடுத்தார். அரசு வழக்குத் துறைத் தலைவர் வழக்குப் போட மறுத்தார். இதற்கு எதற்கு ஆபீஸ் என்று நெட்டிலே கேட்டார். 2023இல் அதை இழுத்து மூட முடிவெடுத்தார்கள்.