சம்பளம் கேட்காத காரியதரிசி

எனக்கு ஒரு காரியதரிசி இருக்கிறார் என்ற செய்தியே அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு மூலம்தான் எனக்குத் தெரியவந்தது. ஜிமெயிலில் வரும் கடிதங்களைக் கூகுள் துழாவிப் பார்க்கிறது என்று சிலர் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரத்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி 2013-இல் கூகுள் வக்கீல்கள் ஒரு மனு போட்டார்கள். அதில் ஓர் அருமையான வாதம். அலுவலக நண்பர் ஒருவருக்கு நீங்கள் கடிதம் போடுகிறீர்கள், அதை அவருடைய காரியதரிசி பிரித்துப் பார்க்கிறார். இதில் நீங்கள் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? மெயிலும் அப்படித்தான். மூன்றாம் ஆளிடம் நீங்களாகக் கொடுத்துவிட்ட விஷயத்தில் அந்தரங்கம் எதிர்பார்க்க முடியாது என்று 1979-இல் ஒரு டெலிபோன் வழக்கில் வந்த தீர்ப்பையும் துணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் பரம்பரையில் காரியதரிசி வைத்துக்கொண்ட முதல் ஆள் நான்தான். தாத்தா அரிசி மண்டியில் கணக்கெழுதியவர். அப்பா காலம் முழுக்க மற்றவர்களுடைய கடிதங்களை டைப் அடித்துக் கொடுத்தவர். மூன்றாம் தலைமுறையில், மனு ஏதும் போடாமலே, இரவு பகல் பாராமல் என் கடிதங்களைப் பிரித்துப் படித்து அடுக்கி வைக்க ஓர் ஆள்! சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, தீபாவளிக்கு வேட்டிகூடக் கேட்பதில்லை.

நீதிபதி லூசி கோ இந்த வாதத்தில் மயங்கவில்லை. வழக்கு நடக்கட்டும் என்றார். அடுத்த வருடம், பாதிக்கப்பட்ட அத்தனை பேரையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரே வழக்காக நடத்த முடியாது என்றும் அவரே சொல்லிவிட்டார். தனித்தனியாக வந்து வழக்காடுங்கள் என்றால் யார் போவார்கள்? ஓசி மெயிலுக்காகக் கைக்காசு போட்டு வக்கீல் வைக்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை.

இந்தக் காரியதரிசி வேலைக்கு வந்த கதையை வயதானவர்கள் அறிவார்கள். 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி ஜிமெயில் வந்தது. ஹாட்மெயில் 2 எம்பியும் யாஹூ 4 எம்பியும் கொடுத்துக்கொண்டிருந்த காலம். பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டிவிட்டு, அதில் பாதி நேரம் இடம் பண்ணுவதற்காகப் பழைய மெயில்களை அழித்துக்கொண்டிருப்போம். அப்போது ஒருவர் வந்து 1 ஜிபி தருகிறேன் என்றால்? தேதியைப் பார்த்து ஏப்ரல் ஃபூல் என்றுதான் உலகமே நினைத்தது. உண்மை என்று தெரிந்ததும், ஜிமெயிலுக்கு அழைப்பு வாங்க மனிதர்கள் அலைந்த அலைச்சல் இருக்கிறதே, இ-பே சந்தையில் அழைப்புகள் விலைக்கே விற்றன. கடிதத்தைக் கணினி படித்து அதற்குத் தோதான விளம்பரத்தைப் பக்கத்தில் வைக்கும் என்பதைக் கூகுள் மறைக்கவும் இல்லை. அந்த ஏப்ரலிலேயே முப்பத்தோரு அமைப்புகள் சேர்ந்து கண்டனக் கடிதம் எழுதின. கலிஃபோர்னியா செனட்டர் லிஸ் ஃபிகரோவா தடுக்க ஒரு மசோதாவும் கொண்டுவந்தார். நாங்கள் அதையெல்லாம் எங்கே கவனித்தோம்? 1 ஜிபியை எப்படி நிரப்புவது என்ற கவலையில் இருந்தோம்.

விளம்பரத்துக்காகக் கடிதம் படிப்பதை நிறுத்துவதாக 2017 ஜூனில் கூகுள் அறிவித்தது. சந்தோஷம். ஆனால் காரியதரிசி வேலையை விட்டுப் போய்விடவில்லை. ஸ்பேமைப் பிரிக்க வேண்டும், டிக்கெட் வந்தால் பயண நாளை ஞாபகப்படுத்த வேண்டும், பதிலுக்கு வாசகம் எடுத்துக் கொடுக்க வேண்டும். படிக்காமல் எப்படி இதெல்லாம் நடக்கும்? 2015-இல் இந்தப் பதில் எழுதும் வித்தையைப் பழக்கியபோது, ஆரம்பத்தில் அது எந்தக் கடிதம் வந்தாலும் 'ஐ லவ் யூ' என்று பதில் சொல்லத் துடித்ததாம். கூகுள் ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். உலகத்தின் கடிதங்களை எல்லாம் படித்துவிட்டு, எதற்கும் பொருந்தக்கூடிய பதில் இதுதான் என்று அது கண்டுபிடித்திருக்கிறது. நல்லவேளை திருத்திவிட்டார்கள். இல்லையென்றால் வருமான வரி அதிகாரிக்கு நான் என்ன பதில் அனுப்பியிருப்பேனோ.

காரியதரிசிக்குக் கணக்கெழுதும் பழக்கமும் உண்டு. ஜிமெயிலுக்கு வரும் ரசீதுகளை வைத்து, யார் எந்தக் கடையில் என்ன வாங்கினார்கள் என்று கூகுள் வருடக்கணக்கில் பட்டியல் போட்டு வைத்திருந்தது 2019-இல் செய்தியானது. விளம்பரத்துக்குப் பயன்படுத்தவில்லை என்றார்கள். இருக்கலாம். என் மனைவிக்கு இந்தப் பட்டியல் கிடைத்தால் நடக்கப்போவதை நினைத்தால், விளம்பரக் கம்பெனிக்குக் கிடைப்பது எவ்வளவோ தேவலாம்.

நம் பக்கத்துச் சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும். வங்கியிலிருந்து மாதாமாதம் கணக்கு அறிக்கை வரும். பாதுகாப்புக்காகப் பூட்டிய பிடிஎஃப். அதே மெயிலில் கீழே, பாஸ்வேர்டு உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த தேதியும் என்று உதாரணத்தோடு எழுதியிருக்கும். பெயர், மேலே 'அன்புள்ள' என்பதற்குப் பக்கத்தில் இருக்கிறது. பிறந்த தேதிக்கும் அலைய வேண்டாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி வருடம் தவறாமல் அன்றைக்குப் பூங்கொத்துப் படத்தோடு வாழ்த்து அனுப்பி, அதுவும் அதே இன்பாக்ஸில் பத்திரமாகக் கிடக்கிறது. இவ்வளவு எடுத்துக் கொடுத்தும் கண்டுபிடிக்காத காரியதரிசியை நானே வேலையை விட்டு அனுப்பிவிடுவேன்.

பாளையங்கோட்டைச் சித்தப்பாவுக்கு இந்தக் கவலையே கிடையாது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர்.

“ஏலே, நம்ம மெயிலை எவம்லே படிக்கப்போறான்? கரண்ட் பில்லும் கல்யாணப் பத்திரிகையும்தான கிடக்கு. மறைக்கதுக்கு என்ன இருக்கு?”

“அப்போ உங்க பாஸ்வேர்டைச் சொல்லுங்க சித்தப்பா, நானும் ஒருதரம் பார்க்கேன்.”

“போலே. அது உன் சித்திக்கே தெரியாது.”

கிளென் கிரீன்வால்ட் என்ற பத்திரிகையாளரும், மறைக்க ஒன்றுமில்லை என்பவர்களிடம் பாஸ்வேர்டை எழுதி அனுப்பச் சொல்வாராம். ஒருவர்கூட அனுப்பியதில்லை என்று 2014-இல் ஒரு மேடையில் சொன்னார். அவர் சித்தியைப் பற்றிக் கேட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

சித்தப்பா சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. கணினி படித்தால் என்ன? அதற்கு என்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாது, ஊரில் போய்ச் சொல்லாது. எனக்கு உறுத்துவது படிப்பது அல்ல. ஆள் என் வீட்டில் வேலை பார்க்கிறார், சம்பளம் வேறொருவர் கொடுக்கிறார். முதலாளி கூப்பிட்டால் அவர் யார் பக்கம் நிற்பார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

அதோடு அவருக்குச் சிநேகிதர்கள் வேறு. வேண்டாத விளம்பர மெயில்களிலிருந்து உங்களை இலவசமாக விடுவிக்கிறேன் என்று 'அன்ரோல்.மீ' என்றொரு சேவை வந்தது. விடுவிக்கிற சாக்கில் இன்பாக்ஸுக்குள் நுழைந்து, லிஃப்ட் டாக்சியில் போனவர்களின் ரசீதுகளைப் பெயர் நீக்கித் திரட்ட, அந்தத் தகவல் போட்டிக் கம்பெனியான ஊபருக்கு விற்கப்பட்டது. 2017-இல் இது வெளியே வந்தபோது, தங்கள் வருமான வழியை அறிந்து வாடிக்கையாளர்கள் வருந்துவதைப் பார்க்க மனம் உடைகிறது என்று அதன் தலைவர் எழுதினார். அடுத்த வருடம் இன்னொரு செய்தி. 'ரிட்டர்ன் பாத்' என்ற கம்பெனியில், மென்பொருளுக்குப் பாடம் கற்பிப்பதற்காக ஊழியர்கள் உட்கார்ந்து சுமார் 8,000 கடிதங்களைப் படித்திருக்கிறார்கள். கணினி அல்ல, சாப்பாட்டு வேளையில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசக்கூடிய மனிதர்கள்.

இந்தத் துறையில் நான் மனதார ரசித்த கூத்து மைக்ரோசாஃப்ட் நடத்தியது. 2012-இன் கடைசியில் 'ஸ்க்ரூகுள்ட்' என்று பெயர் வைத்து ஒரு பிரசாரம் ஆரம்பித்தார்கள். கூகுள் உங்கள் கடிதங்களைப் படிக்கிறது, நாங்கள் அப்படிச் செய்வோமா, வாருங்கள் எங்களிடம் என்பது சாரம். விளம்பரத்தோடு நிற்கவில்லை. 2013 நவம்பரில் கடையே திறந்துவிட்டார்கள். பதறாதீர்கள், உங்கள் தகவலைத் திருடிக்கொண்டிருக்கிறோம் என்று கூகுள் சொல்வதுபோல் அச்சடித்த காப்பிக் குவளை, டி-ஷர்ட் எல்லாம் விற்பனைக்கு வந்தன. நாலு மாதம் போனது. 2014 மார்ச்சில் ஒரு குற்ற வழக்கின் காகிதங்களிலிருந்து ஒரு விஷயம் வெளியே வந்தது. விண்டோஸ் 8 ரகசியத்தைக் கசியவிட்ட ஊழியர் யார் என்று பிடிப்பதற்காக, 2012-இலேயே மைக்ரோசாஃப்ட் ஒரு பிரெஞ்சு வலைப்பதிவரின் ஹாட்மெயில் பெட்டியைத் தானே திறந்து படித்திருக்கிறது. வாரண்ட் எங்கே என்றால், தன் இடத்தைத் தானே சோதனை போட எந்தக் கோர்ட்டும் உத்தரவு தராது, தேவையும் இல்லை என்றார்கள். தர்க்கத்தில் ஓட்டையே கிடையாது. பெட்டி அவர்களுடையது, பூட்டு அவர்களுடையது, கடிதம் மட்டும்தான் நம்முடையது. ஊர் சிரித்த பிறகு, இனிமேல் சந்தேகம் வந்தால் போலீஸிடம் விடுவோம் என்று அந்த மாதக் கடைசியிலேயே விதியை மாற்றினார்கள். குவளை மிச்சம் இருந்திருந்தால் தள்ளுபடியில் கொடுத்தார்களா, தெரியவில்லை.

போலீஸிடம் விடுவது என்றால் என்ன என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1986-இல் போட்ட சட்டப்படி, 180 நாளைத் தாண்டி சர்வரில் கிடக்கும் கடிதத்தை அரசு எடுக்க வாரண்ட் கட்டாயமில்லை. அந்தக் காலத்தில் கடிதத்தைத் தங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்வார்கள், அங்கேயே கிடந்தால் கைவிட்டது என்று அர்த்தம். அந்தக் கணக்கில் என் இன்பாக்ஸ் முழுவதும் அநாதைப் பிணம்தான்.

இதற்கு எதிராக மெயிலின் மானத்தைக் காப்பாற்றியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஸ்டீவன் வார்ஷக் என்று ஒஹையோ மாநிலத்தில் ஒருவர். தொழில், ஆண்மை விருத்தி மாத்திரை விற்பது. நம் ஸ்பேம் பெட்டியில் தினம் நாலு வருமே, அந்த வம்சம். மோசடி வழக்கில் அவருடைய சுமார் 27,000 மெயில்களை அரசு வாரண்ட் இல்லாமல் அள்ளியது. 2010 டிசம்பரில் ஆறாவது வட்டார அப்பீல் கோர்ட், மெயிலுக்கும் அந்தரங்கம் உண்டு, வாரண்ட் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஹோட்டல் அறைக்குள் துண்டு மாற்றப் பணிப்பெண் வந்து போகிறாள் என்பதற்காகத் தங்கியிருப்பவருக்கு அந்தரங்கம் இல்லாமல் போகுமா என்று கேட்டது. கூகுள் வக்கீல்கள் வாதாடுவதற்கு மூன்று வருடம் முன்பு என் காரியதரிசி ரூம் பாயாக இருந்திருக்கிறார். பாவம் வார்ஷக், அதிகாரிகள் அப்போதிருந்த சட்டத்தை நம்பித்தானே செய்தார்கள் என்று அந்த மெயில்களைச் சாட்சியமாகவும் ஏற்றுக்கொண்டார்கள். உரிமை உலகத்துக்கு, தண்டனை அவருக்கு.

நம் நாட்டில் 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதன்படி, சம்மதம் கேட்கும் அறிவிப்பை விரும்பினால் தமிழிலேயே படிக்க வாய்ப்புத் தர வேண்டும். படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தும் உரிமை இனி தாய்மொழியிலும் உண்டு.

பூட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். 1999 ஆகஸ்டில் ஹாட்மெயிலில் ஓர் ஓட்டை, 'ஈ', 'எச்' என்ற இரண்டே எழுத்தைப் பாஸ்வேர்டாகப் போட்டால் யார் பெட்டியும் திறந்தது. யாஹூவில் 2013-இல் நடந்த திருட்டில் 100 கோடிக் கணக்குகள் போயின என்று 2016-இல் சொன்னார்கள். அடுத்த வருடம் சரியாக எண்ணிப் பார்த்து, 300 கோடி, அதாவது எல்லாமே என்றார்கள்.

சரி, வேறு இடம் போகலாம் என்றால்? லாவாபிட் என்று ஒரு மெயில் சேவை, அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடன் வைத்திருந்தது. 2013-இல் அமெரிக்க அரசு அதன் பூட்டுச் சாவியைக் கேட்டது. உரிமையாளர் லடார் லெவிசன் சாவியை 4 பாயின்ட் எழுத்தில் 11 பக்கம் அச்சடித்துக் கொடுத்தார். படிக்க முடியவில்லை என்று அரசுத் தரப்பு கோர்ட்டில் முறையிட்டது. நாளொன்றுக்கு 5,000 டாலர் அபராதம் என்றதும் சாவியைச் சரியாகக் கொடுத்தார், கடையையும் இழுத்துச் சாத்தினார். கடிதத்துக்காகக் கம்பெனியையே மூடிய ஆளை நான் கேள்விப்பட்டது அந்த ஒருவரைத்தான். ஜெனீவாவில் புரோட்டான்மெயில் இருக்கிறது. உள்ளே இருக்கும் கடிதத்தை அவர்களாலேயே படிக்க முடியாது. ஆனாலும் 2021-இல், சுவிஸ் உத்தரவுப்படி, ஒரு பிரெஞ்சுப் போராட்டக்காரர் எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறார் என்பதைக் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்னொரு சங்கடம், நாம் மாறினாலும் நாம் எழுதுகிறவர்கள் மாறுவதில்லை. பெஞ்சமின் மாகோ ஹில் என்ற ஆய்வாளர் சொந்த சர்வரில் மெயில் வைத்திருப்பவர். எண்ணிப் பார்த்துவிட்டு, தன் கடிதங்களில் பெரும்பங்கு கூகுளிடம்தான் இருக்கிறது, காரணம் மற்ற எல்லோரும் அங்கே இருக்கிறார்கள் என்று 2014-இல் எழுதினார்.

தங்கை மகன் எனக்கும் ஒரு சுவிஸ் பெட்டி திறந்து கொடுத்தான். இலவச மெயில் வைத்திருப்பவருக்கும் அதிலிருந்து பூட்டிய கடிதம் அனுப்பலாம், பாஸ்வேர்டை மட்டும் வேறு வழியில் சொல்லிவிட வேண்டும். பூர்வீக வீட்டுப் பத்திர விவகாரம், நாலு பங்காளிகளுக்குத் தெரியக்கூடாதது, சித்தப்பாவுக்கு அப்படியே அனுப்பினேன். அரை மணியில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார் என்பது பின்னால் கேட்ட கண்டக்டர் விசிலிலிருந்தே தெரிந்தது.

“ஏலே, பத்திரத்தைப் பூட்டி அனுப்பிருக்கியே, பாஸ்வேர்டு என்னலே?”

“சித்தப்பா, வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்க.”

“பஸ்ஸுல இரைச்சல், ஒண்ணும் கேக்கலை. சத்தமாச் சொல்லு. இங்கன ரிட்டயர்டு தாசில்தார் ஒருத்தர் பேப்பரும் பேனாவும் எடுத்துட்டாரு. நீ ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு, அவரு எழுதிக்கிடுதாரு.”