திட்டுவதற்கு ஓர் ஆள் தேவை

பெறுநர்: தனி அலுவலர், எங்கள் ஊராட்சி (மற்றும் பக்கத்து இருபது சொச்சம் ஊராட்சிகள்)

நாள்: 16.08.2025

ஐயா,

ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து எங்கள் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் வீட்டுக்குப் போனார்கள். அன்றிலிருந்து தலைவரும் நீங்களே, ஒன்பது வார்டு உறுப்பினர்களும் நீங்களே. மன்றத்தில் கைகலப்பு இல்லை, வெளிநடப்பு இல்லை. வாழ்த்துகள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 14 ஒன்றியம், 306 ஊராட்சி. வகுத்தால் உங்களைப் போல் தனி அலுவலரான ஒரு பி.டி.ஓ. தலையில் ஏறத்தாழ 22 ஊர். மாதத்துக்கு ஒரு நாள் எங்கள் முறை வந்தாலும், அன்றைக்கென்று கலெக்டர் ஆய்வு வராமல் இருக்க வேண்டும். ஆகவே உங்கள்மேல் எங்களுக்கு வருத்தமே கிடையாது.

எங்கள் கஷ்டம் வேறு. முன்பெல்லாம் குழாயில் தண்ணீர் வராவிட்டால் தலைவரம்மா வாசலில் காலிக் குடத்தோடு நிற்போம். பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்ததால் நாற்காலி அம்மாவுக்கு, அதிகாரம் வீட்டுக்காரருக்கு. அவரைத் திட்டுவோம், அவர் டேங்க் ஆபரேட்டரைத் திட்டுவார், சாயங்காலம் தண்ணீர் வரும். இப்போது 'தலைவியின் கணவர்' பதவியே ஒழிந்துவிட்டது. ஊர் ஊராய்ப் பயிற்சி முகாம் நடத்தியும் ஒழியாதது அது. என்ன, கூடவே தலைவியும் ஒழிந்துவிட்டார்.

ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். பஞ்சாயத்து ராஜ் சொல்லிக்கொடுக்கும் காந்திகிராமப் பல்கலைக்கழகம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பாடத்தில் இந்த வரி இன்னும் இருக்கும் என்று நம்புகிறோம். தேர்தல் தள்ளிப்போவது எங்களுக்கும் புதிதல்ல. 2016 அக்டோபரில் போன மன்றம் 2019 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகுதான் திரும்பியது. வார்டு மறுவரையறை என்றார்கள் அப்போது. இப்போதும் அதையேதான் சொல்கிறார்கள். எங்கள் வார்டில் நான்கு தெரு. எத்தனை முறைதான் வரைவது?

பக்கத்து மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலித் ஒருவர் தலைவராகக் கூடாது என்று 1996 முதல் பத்தாண்டு தேர்தலை முடக்கினார்கள். 2006-இல் நடத்திக் காட்டிய அரசைப் பாராட்டினோம். பாவம், அந்த ஊர்க்காரர்கள் அவசரப்பட்டுக் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டார்கள்.

தலைவர் இல்லாமலே தவறாமல் வருவது வீட்டு வரி நோட்டீஸ். நேற்றைய கிராம சபையும் வந்தது. கையெழுத்துப் போட்டோம், போட்டோவுக்கு நின்றோம். தெருவிளக்குத் தீர்மானத்தை ஊராட்சிச் செயலர் எழுதிக்கொண்டார், போன முறை எழுதிய அதே பக்கத்தைப் பார்த்து.

ஒரே ஒரு கோரிக்கை. தேர்தல் வரும்வரை, திட்டு வாங்குவதற்கென்று தற்காலிகமாக ஒருவரை நியமியுங்கள். செக்கில் கையெழுத்திடும் அதிகாரம் வேண்டாம், ஜீப் வேண்டாம். தினமும் காலை ஆறிலிருந்து ஏழு வரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். டீச் செலவு எங்களுடையது.

இப்படிக்கு,
வீட்டு வரி பாக்கி வைக்காத ஒருவர்